நண்டு ஓட்டுக்கு ஒரு மாப்பிள்ளை

அத்தியாயம் 14

லம்ஜத் மூன்றாவது டையையும் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் கட்டியதையே மறுபடி கட்டிக்கொண்டார். இத்தாலியிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் விருந்தாளிகள் வந்திறங்கிவிட்டார்கள். ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இன்று அவருடைய நாள்.

மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய தொழில்முனைவுக் கல்வித் திட்டம் இன்றோடு நிறைவு பெறுகிறது. அதன் இயக்குநர் என்ற முறையில் லம்ஜத் அடிக்கடி விமானம் ஏறியிருந்தார். திரும்பும்போதெல்லாம் கழுத்தில் மாட்டும் அட்டை, துணிப்பை, பேனா என்று எதையாவது கொண்டுவந்து வீட்டை நிரப்புவார். பேனாக்களில் பாதி எழுதாது.

பாடம் நடத்தியது ஒல்ஃபா. அவருடைய மனைவி, அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். செவ்வாய்தோறும் மூன்று நகரத்து மாணவர்களையும் திரையில் ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் பேச்சை இன்னொருவருக்குப் புரியவைத்து, இணைப்பு அறுந்தால் தொலைபேசியில் தொடர்ந்து, அத்தனையும் அவள். அவளை யாரும் எந்த விமானத்திலும் ஏற்றவில்லை.

அந்த வகுப்பில்தான் மகள் ஷிராஸின் தொழில் பிறந்தது. வலையைக் கடித்துக் குதறும் நீல நண்டின் சதையை ஏற்றுமதிக்காரர்கள் எடுத்துக்கொண்டு ஓட்டைக் குப்பையில் கொட்டுகிறார்கள். ஷிராஸ் அதை அள்ளிவந்து காயவைத்து அரைத்தாள். இர்பித் நகரத்திலிருந்து திரையில் அறிமுகமான லுஜைன் என்ற ஜோர்டான் மாணவி, அந்தப் பொடியை எதோடு கலந்தால் ஒலிவ மரத்தின் வேர்ப்புழு சாகும் என்று கண்டுபிடித்தாள். இவளிடம் ஓடு, அவளிடம் பக்குவம். ஒலிவ மரம் இரண்டு ஊரிலும் உண்டு.

திட்டத்தின் தொழில் போட்டியில் இரண்டு சுற்றில் ஜெயித்துவிட்டார்கள். இன்று கடைசிச் சுற்று. மேடையில் யார் பெயர் அறிவிக்கப்படுகிறதோ, அவர்கள் இத்தாலியில் ஒரு வருடம் தங்கித் தொழிலை வளர்க்கலாம். கம்பெனியும் அவர்கள் பெயரில்தான் பதிவாகும்.

"ஷிராஸ், நீ இன்னிக்கு மேடைக்கு வர வேண்டாம்" என்றார் லம்ஜத், கண்ணாடியைப் பார்த்தபடியே.

ரொட்டியை ஒலிவ எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்த ஷிராஸ் நிமிரவில்லை. "ஏன் பாபா, நாத்தமடிக்கிறேனா?"

"அதுவும்தான். ஆனா காரணம் அது இல்ல. சைஃப் பேசுவான்."

"எந்த சைஃப்?"

"நம்ம ஸீ முன்ஸிஃபோட அக்கா பையன்."

ஸீ முன்ஸிஃப், அதாவது முன்ஸிஃப் ஐயா, பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர். கட்டடம் அவர் குடும்பத்துடையது. நாற்காலிகளும் அவர் குடும்பத்துடையவை. அந்த நாற்காலிகளில் யார் உட்காருவது என்பதும் அந்தக் குடும்பத்தில்தான் முடிவாகும். சைஃப் மூன்றாம் வருடத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"இயக்குநர் பொண்ணு ஜெயிச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார் லம்ஜத்.

"துணைத் தலைவரோட அக்கா பையன் ஜெயிச்சா?"

"பேச மாட்டாங்க" என்றாள் ஒல்ஃபா, காப்பியை ஊற்றிக்கொண்டே. "பேசுற வாய்க்கெல்லாம் சம்பளம் குடுக்கிறது அவர்தானே."

லம்ஜத்துக்கு முகம் சுருங்கியது. "மேடையில ஒரு பேருதான். வேலையெல்லாம் அவளே பாக்கட்டும், யார் வேண்டாம்னா? ஷிராஸ், அவன் உன் ஷெட்டுக்கு வருவான். என்ன பேசணும்னு கொஞ்சம் சொல்லிக் குடு. புத்திசாலிப் பையன்."

"பாபா, நீங்க வாழ்க்கையில எதையாவது வித்திருக்கீங்களா?"

"நான் தொழில்முனைவு கத்துக் குடுக்கிறவன்."

"அதான் கேட்டேன்."

ஒல்ஃபா ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தாள். ஆனால் ஷிராஸ் எழுந்து கையைக் கழுவினாள். "சரி, வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

லம்ஜத் வெற்றிப் புன்னகை புரிந்தார். மகளின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. மனைவியின் மௌனத்தையும் அப்படித்தான் இருபது வருடத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டிருந்தார்.

*

ஜோர்டான் குழு வந்த பேருந்திலிருந்து முதலில் குதித்து இறங்கியவள் லுஜைன். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். ஒல்ஃபாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். சின்னம்மா முறை வைத்து 'காலா' என்றுதான் கூப்பிடுவாள்.

"காலா, வாழ்த்துகள். மனசு நிறைஞ்ச வாழ்த்துகள். ஆனா ஷிராஸ் மேல எனக்குக் கோவம்தான். ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, கள்ளி. அந்தக் கோவத்துல நானும் அவகிட்ட பேசல."

"எதுக்கும்மா வாழ்த்து?"

"என்ன காலா, உங்க ஊர்ல கல்யாணத்துக்கு வாழ்த்து சொல்ல மாட்டாங்களா?"

ஒல்ஃபா கையிலிருந்த வரவேற்புப் பூங்கொத்தைப் பக்கத்திலிருந்த சுவரில் வைத்தாள். "யார் சொன்னா உனக்கு?"

"டாக்டர் லம்ஜத்தான் எங்க பேராசிரியருக்கு போன் பண்ணிச் சொன்னார். ஷிராஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, அதனால கம்பெனியிலிருந்து விலகிட்டா, அவ இடத்துல மாப்பிள்ளையே வர்றார், எல்லாம் குடும்பத்துக்குள்ளேயேதான் இருக்கும், ஒண்ணும் மாறப்போறதில்லன்னு." லுஜைன் தோளைக் குலுக்கினாள். "எனக்கு என்ன காலா, ஒருத்தர் போனா ஒருத்தர் வந்தாச் சரின்னு எங்க பேராசிரியர் சொல்றார். ஆனா அந்த சைஃபுக்கு நான் போன வாரம் மூணு கேள்வி அனுப்பினேன். மூணுக்கும் கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்பினார்."

மகளை மேடையிலிருந்து இறக்கியதைக்கூட அவள் கணவரின் வழக்கமான கோழைத்தனத்தின் கணக்கில் சேர்த்திருந்தாள். இது வேறு. மகளின் கல்யாணத்தை மகளுக்கு முன்னால் இர்பித்துக்குச் சொல்லியிருக்கிறார்.

கூடத்துக்குப் போகும் தாழ்வாரத்தில் கணவரைப் பிடித்தாள்.

"லம்ஜத், நம்ம பொண்ணுக்குக் கல்யாணமா?"

அவர் நாலு பக்கமும் பார்த்தார். "இப்ப வேண்டாம், ஒல்ஃபா."

"எப்ப? குழந்தை பொறந்தப்புறமா?"

"வெள்ளிக்கிழமை சும்மா வந்து பார்த்துட்டு ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிக்கலாம்னாங்க. நல்ல குடும்பம். பையனுக்கு என்ன குறை? நான் இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லல."

"ஜோர்டானுக்கு முடிவாச் சொல்லியிருக்க."

"அது ஒரு ஏற்பாடு. வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் வேணும்ல?" அவர் டையைச் சரிசெய்தார். "முன்ஸிஃப் அடுத்த வருஷம் துறைத் தலைவர் பதவி என் கையில குடுக்கிறதா இருக்கார். அது உனக்கும்தானே நல்லது? நீ மேடையில மொழிபெயர்க்கிற வேலையை மட்டும் பாரு."

ஒல்ஃபா அவரைப் பார்த்தாள். இந்த மனிதரின் சட்டைக்கு இத்தனை வருடம் இஸ்திரி போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

*

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டின் வாசலில் சைஃப் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான். வெள்ளை ஷூ போட்டிருந்தான். உள்ளே வந்தால் அது வெள்ளையாக இருக்காது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

"உள்ள வா. கடிக்காது. செத்துப்போச்சு" என்றாள் ஷிராஸ்.

"இது எல்லாமே நண்டா?"

"பின்ன?"

"நான் இறால்னு நினைச்சேன்."

ஷிராஸ் அரவை இயந்திரத்தை ஓடவிட்டாள். கையுறையைக் கழற்றாமலே சொல்லிக்கொடுத்தாள். ஓட்டை எப்படிக் கழுவுவது, எந்தப் பதத்துக்குக் காயவைப்பது, பொடி ஈரமானால் எப்படிக் கெடும், மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் குழி. சைஃப் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நடுநடுவே போனைப் பார்த்தான்.

"என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"நண்டு ஓடு நல்லது."

"அபாரம். உன்னை இத்தாலிக்கு அனுப்பாம இருந்தா இத்தாலிக்குத்தான் நஷ்டம்."

அவன் சிரித்தான். கோபமே வரவில்லை. அதுதான் அவனிடம் மோசமான விஷயம். எதைச் சொன்னாலும் உள்ளே இறங்காது.

"எல்லாத்தையும் இன்னிக்கே கத்துக்கணுமா என்ன? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கே" என்றான்.

"வெள்ளிக்கிழமை என்ன?"

"ஃபாத்திஹா ஓதுறது."

"யாருக்கு யாரு?"

சைஃப் முதல்முறையாகப் போனைப் பையில் வைத்தான். "உனக்கும் எனக்கும்தான். நீ சம்மதிச்சிட்டேன்னு மாமா சொன்னாரே."

ஷிராஸ் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"உங்கிட்ட கேட்டாங்களா?"

"இல்ல. நீ சரின்னு சொன்னதுக்கப்புறம் நான் என்ன சொல்றதுக்கு இருக்குன்னு விட்டுட்டேன்."

"கம்பெனி, பொண்டாட்டி எல்லாத்தையும் இப்படித்தான் வாங்கிப்பியா? யாராவது பொட்டலம் கட்டிக் குடுத்தா?"

அவன் யோசித்தான். "கார் நானே பார்த்துதான் எடுத்தேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கலாம் என்று தோன்றியது. அடித்தாலும் யார் அடித்தது என்று மாமாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான் என்றும் தோன்றியது.

"நான் சரின்னு சொல்லல, சைஃப். எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும்."

அவனுடைய அழகான முகம் மெதுவாகச் சிவந்தது. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான். "அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"வண்டியில ஏறு."

*

கூடத்தில் குளிரூட்டி அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் மூன்று நாட்டுக் கொடிகள். முன்வரிசையில் துணைத் தலைவர் முன்ஸிஃப். அவருக்குப் பக்கத்தில் திட்டத்தை மதிப்பிட வந்திருந்த இத்தாலியப் பேராசிரியை மார்ட்ஸியா, சிவப்புச் சட்டகக் கண்ணாடியோடு.

லம்ஜத் பிரெஞ்சில் பேசினார். கூடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அரபுதான் தாய்மொழி. இருந்தாலும் பிரெஞ்சில் பேசினால்தான் அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை வரும். ஜோர்டான் குழுவுக்காக ஒல்ஃபா ஒலிபெருக்கியில் வாக்கியம் வாக்கியமாக அரபில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"துணிவே தொழில்முனைவின் முதல் பாடம்" என்றார் லம்ஜத். ஒல்ஃபா அதை அரபில் சொன்னாள்.

"தோல்வியைக் கண்டு அஞ்சாதவர்களையே நாங்கள் உருவாக்குகிறோம்." அதையும் சொன்னாள்.

"எல்லைகளைக் கடந்து இளைஞர்கள் கைகோத்துவிட்டார்கள்." சொன்னாள்.

முன்ஸிஃப் தலையசைத்தார். லம்ஜத்துக்குக் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"இந்த அணியை ஆரம்பித்த மாணவி ஷிராஸ், தன் திருமணத்தை முன்னிட்டு மகிழ்ச்சியோடு விலகிக்கொண்டார். அவருடைய வருங்காலக் கணவர் சைஃப் பொறுப்பை ஏற்கிறார்."

லம்ஜத் காத்திருந்தார். கூடமும் காத்திருந்தது. ஜோர்டான் பேராசிரியர் காதில் கையை வைத்துக்கொண்டு ஒல்ஃபாவைப் பார்த்தார்.

ஒல்ஃபா ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும். இவர் கடைசியா சொன்னதை நான் மொழிபெயர்க்க மாட்டேன். அது பொய். நான் அந்தப் பொண்ணோட அம்மா. அவளுக்கு எந்தக் கல்யாணமும் நிச்சயமாகல. அவ எதிலிருந்தும் விலகல."

அரபில் சொல்லி முடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக அதையே பிரெஞ்சிலும் சொன்னாள். இத்தாலியர்களுக்கும் தெரியட்டும் என்று.

யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் மட்டும் கிரீச்சிட்டன. லம்ஜத் கையிலிருந்த உரைத்தாளைப் புரட்டினார். இத்தனை வருடத்தில் மனைவி தன்னை மேடையில் மறுப்பாள் என்பது அவருடைய எந்த உரையிலும் வராத விஷயம்.

"சின்ன மொழிக் குழப்பம்" என்றார் முன்ஸிஃப், திரும்பி உட்கார்ந்து எல்லோருக்குமாக. "டாக்டர் ஒல்ஃபா களைச்சுப்போயிருக்காங்க. சைஃப் வந்து பேசட்டும். சைஃப் எங்கே?"

சைஃப் கதவருகே நின்றான். பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு ஷிராஸ். அவர்கள் எப்போது வந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை, வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

சைஃப் நடந்துவந்து மேடைக்குக் கீழேயே நின்றான். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு இந்தக் கம்பெனியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். "இன்னிக்குக் காலைல வரைக்கும் நான் அதை இறால்னு நினைச்சிட்டிருந்தேன்."

ஜோர்டான் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். லுஜைன் எழுந்தாள். "அப்ப என் பார்ட்னர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு வரிசையைத் தாண்டி வந்து, அந்தக் கோலத்திலேயே ஷிராஸைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் முதல்முறையாக நேரில் பார்க்கிறார்கள் என்று கூடத்தில் பலருக்குத் தெரியாது. ஷிராஸ் ஓட்டைப் பற்றிச் சொன்னாள், லுஜைன் மருந்தைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி நிறுத்திய இடத்தில் இன்னொருத்தி தொடங்கினாள். இர்பித் பக்கம் ஒரு தோட்டத்தில் பட்டுப்போகக் கிடந்த மரங்கள் துளிர்த்த படங்களைக் காட்டினார்கள். ஒரு மரம் துளிர்க்கவே இல்லை என்பதையும் காட்டினார்கள். ஏன் என்று இன்னும் தெரியவில்லை என்றார்கள். அன்றைக்கு அந்த மேடையில் யாரும் சொல்லாத வார்த்தை அது.

முடிவை அறிவிக்க மார்ட்ஸியா ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஷிராஸ், லுஜைன் என்று இரண்டு பெயர்களையும் தப்பும் தவறுமாக உச்சரித்தாள்.

அப்புறம் புகைப்படக்காரரைக் கூப்பிட்டாள். "அம்மாவும் வரட்டும். தாயும் மகளும். கையில் ஒரு நண்டு இருந்தால் நன்றாக இருக்கும். அரபுப் பெண்களின் எழுச்சி. எங்கள் அறிக்கையின் அட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்?"

"அட்டையை விடுங்க" என்றாள் ஷிராஸ். "துளிர்க்காத அந்த மரத்தடி மண்ணை உங்க ஆய்வுக்கூடத்துல சோதிச்சுத் தர முடியுமா? எங்க ரெண்டு ஊர்லயும் அதுக்கு வசதி இல்ல."

மார்ட்ஸியா வருத்தமாகப் புன்னகைத்தாள். "மண் சோதனைக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. தன்னம்பிக்கைப் பட்டறை வேண்டுமானால் இன்னொன்று நடத்தலாம்."

ஷிராஸும் லுஜைனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதை இவருக்கு நடத்துங்க" என்று ஷிராஸ் சைஃபைக் காட்டினாள். படத்துக்கு நிற்காமல் இருவரும் இறங்கிவிட்டார்கள். கடைசியில் மார்ட்ஸியா கொடிகளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

விருந்தில் மீன் குஸ்குஸ் ஆவி பறக்க வந்தது. முன்ஸிஃப் தட்டைத் தொடவில்லை. லம்ஜத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடையில நடந்தது மேடையோட போகட்டும். உன் பொண்டாட்டி பேசினதை நான் மறந்துடறேன். கம்பெனி யார் பேர்ல இருந்தா என்ன, பொண்ணு நம்ம வீட்டுக்குத்தானே வரப்போறா."

"ஸீ முன்ஸிஃப், இப்ப இருக்கிற நிலைமையில..."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலமே வர்றா. நீ குடுத்த வாக்கு நிக்குதான்னு பாப்போம். அதை வெச்சுத்தான் நாளைக்கு எந்த நாற்காலியில யாருன்னு யோசிக்கணும்."

*

வீட்டுக்கு வந்ததிலிருந்து லம்ஜத் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒல்ஃபா பால்கனிக் கதவை ஒட்டி உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினாள். ஷிராஸ் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"என்னைக் கூடத்துல அம்மணமா நிக்க வெச்சிட்ட" என்றார் லம்ஜத்.

"துணியை நான் கழட்டல" என்றாள் ஒல்ஃபா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எல்லாம் யாருக்காக செஞ்சேன்? இவளுக்காகத்தானே. இத்தாலியில அந்தப் பொண்ணோட நண்டு அரைச்சிட்டிருக்கிறதா ஒரு வாழ்க்கை?"

"பாபா" என்றாள் ஷிராஸ். "அவங்க கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க? ஒருதடவை சொல்லுங்க. அந்த வார்த்தையை அப்படியே."

லம்ஜத் நடையை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். "'எங்களுக்குக் கௌரவம்'னு சொன்னேன்."

"எங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லத் தோணலையா?"

"தோணிச்சு."

ஷிராஸ் அவர் பொய் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தாள். தோன்றியும் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்பது பொய்யைவிடக் கேவலமாக இருந்தது அவளுக்கு. கூடவே, இந்த வீட்டில் அவர் சொல்லிக் கேட்ட முதல் உண்மையும் அதுதான் என்று பட்டது.

படிக்கட்டில் குதிகால் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அழைப்புமணி அடித்தது.

"நீ உள்ள போ" என்றார் லம்ஜத்.

ஷிராஸ் அசையவில்லை. "நான் வாக்குக் குடுக்கல. ஒளிஞ்சுக்கவும் மாட்டேன்."

அவர் ஒல்ஃபாவைப் பார்த்தார். அவள் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

லம்ஜத் போய்க் கதவைத் திறந்தார். சைஃபின் தாய் நஸீஹா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பட்டுச் சால்வை, தங்க வளையல்கள், கையில் பளபளக்கும் நாடா கட்டிய பெரிய பாதாம் பக்லாவா இனிப்புப் பெட்டி. அவளுக்குப் பின்னால், இரண்டு படி கீழே, சைஃப். தலையை இல்லை என்று ஆட்டி ஷிராஸுக்கு ஏதோ சொல்லப் பார்த்தான்.

"என் பையன் வழியெல்லாம் என்னென்னமோ உளறிக்கிட்டு வர்றான், டாக்டர்" என்றாள் நஸீஹா. "எனக்கு அவன் பேச்சு வேண்டாம். உங்க பேச்சுதான் வேணும். இதைக் கையில வாங்கிட்டீங்கன்னா நான் உள்ள வர்றேன். வாங்கலேன்னா இப்படியே திரும்பிடறேன், முன்ஸிஃபுக்கு நானே சொல்லிக்கிறேன்."

பெட்டியை நீட்டினாள்.

லம்ஜத்தின் கை தானாக மேலே வந்தது. ஆயுள் முழுக்க யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை. பாதி தூரம் போய், நாடாவைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால், அது நின்றது.

பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார்.

ஷிராஸ் ஒன்றும் சொல்லவில்லை.